ராக்குச் சூளையும் வைக்கோல் போர் வழக்கும்

மண்பாண்ட வகுப்பில் சேர்ந்தபோது என் மேல் ஒரு தீவைப்பு வழக்கு இருந்தது.

அதற்கு முந்திய மாசியில் வெண்ணாற்றங்கரை மிராசுதார் ஒருவரின் வைக்கோல் போர் எரிந்து போயிருந்தது. முப்பது வண்டி வைக்கோல். கூலிக்கும் குத்தகைக்கும் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். நில உச்சவரம்பைப் பற்றி ஆளுங்கட்சிக்காரர்கள் மேடையில் பேசிக்கொண்டிருந்தார்கள். இங்கே விளைந்த வயலை யார் அறுப்பது என்று இரண்டு பக்கமும் அரிவாளோடு வரப்பில் நின்றுகொண்டிருந்தார்கள். போர் எரிந்தபோது நான் பக்கத்து மதகடியில் படுத்திருந்தேன். வீடு கிடையாது, அதனால் அங்கே படுத்திருந்தேன். வேறு காரணம் இல்லை. விடிந்ததும் மதகு, சாவடி என்று படுத்துக் கிடந்தவர்களை எல்லாம் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. நான்கு பேர் மேல் வழக்கு. நாகப்பட்டினம் சப் ஜெயிலில் இருபத்தோரு நாள் இருந்தேன். சோறு பரவாயில்லை, கொசுதான் அதிகம்.

அந்தப் போரை நான் கொளுத்தவில்லை. கொளுத்தியது யார் என்று எனக்குத் தெரியும். அதை இங்கே எழுதப் போவதில்லை.

விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீல் ஜாமீன் வாங்கிக் கொடுத்தார். தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது கோர்ட்டு போட்ட நிபந்தனை. ஏட்டையா தன் பங்குக்கு ஒன்று போட்டார்.

“உன் கையில தீப்பெட்டியப் பாத்தேன், இல்ல நீ நிக்கிற எடத்துல தீ எரியிதுன்னு எவனாவது வந்து சொன்னான், அன்னிக்கே ஜாமீன் கேன்சலு. கேசு முடியிற வரைக்கும் நாகப்பட்டினத்துலயே கெட.”

“பீடி குடிக்கலாமுங்களா?”

“அடுத்தவன் பத்தவச்சுக் குடுத்தாக் குடி.”

பீடியை விட்டுவிட்டேன். அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு இருந்தது. எட்டாம் வகுப்பை இரண்டு முறை படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தை விட்டுக் கிளம்பியவன் நான். அரிசி மில் கொதிகலனுக்கு உமி தள்ளியிருக்கிறேன், லாரியில் கிளீனராகப் பம்பாய் வரை போயிருக்கிறேன், வேதாரண்யத்தில் உப்பு வாரினேன், நாகப்பட்டினத்தில் மீன் கூடை தூக்கினேன், நாகூர் கந்தூரிக் கூட்டத்தில் சர்பத் விற்றேன். ஓர் ஊரில் ஆறு மாதம் சேர்ந்தாற்போல் இருந்ததில்லை. இப்போது தினம் காலையில் கையெழுத்து. போனால் எட்டு மைலுக்குள் போய்விட்டு இருட்டுவதற்குள் திரும்ப வேண்டும். கட்டிப் போட்ட மாடு மாதிரி எட்டு மாதம் ஓட்டினேன்.

அப்போதுதான் கூத்தாநல்லூருக்குப் போகிற வழியில் மூடிக் கிடந்த ஓர் அரிசி மில்லில் மண்பாண்டப் பயிற்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். நான்கு மாதம். மதியச் சாப்பாடு உண்டு. எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். மண்ணைப் பிசைகிற வகுப்பில் நெருப்புக்கு என்ன வேலை என்று நினைத்துப் பெயர் கொடுத்தேன். அந்த அளவுக்குத்தான் எனக்கு மண்பாண்டத்தைப் பற்றித் தெரிந்திருந்தது.

டீச்சர் மெட்ராஸிலிருந்து வந்தவர். என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். ஜப்பானில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்திருந்தார். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண் மிதிப்பார். நாங்கள் எட்டுப் பேர். அவர்களில் இரண்டு பேரைத்தான் இங்கே சொல்ல வேண்டும். ஒருவர் கூத்தாநல்லூர் பாய். சிங்கப்பூரில் பதினைந்து வருஷம் கடையில் நின்றுவிட்டுத் திரும்பியவர், ஊரில் பீங்கான் கடை வைத்திருந்தார். விற்கிற சாமான் எப்படி உண்டாகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செத்துப்போகக் கூடாது என்பார். இன்னொருவர் பக்கத்துக் குடியானத் தெருவுக்கு அப்பால் இருந்த தொழிலாளர் தெரு அக்கா. நாற்பது வயதிருக்கும். நடவுக்கும் அறுப்புக்கும் போனவர். அந்த வருஷம்தான் அவர் குடும்பத்துக்கு ஒன்றரை மா, அதாவது அரை ஏக்கர் நிலம் குத்தகைக்குக் கிடைத்திருந்தது. முதல் விளைச்சலின் விதை நெல்லைத் தான் செய்த ஜாடியில்தான் வைப்பேன் என்று வகுப்புக்கு வந்தார்.

முதல் மூன்று மாதம் சக்கரமும் மண்ணும். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. எனக்குச் சக்கரம் பிடிபடவே இல்லை. என் கிண்ணங்கள் எல்லாம் ஒரு பக்கம் சாய்ந்து யாரையோ ஒட்டுக் கேட்பதுபோல் நிற்கும்.

தை பிறந்து சம்பா அறுவடை பாதி நடந்தபோது டீச்சர் எங்களைக் களத்தில் உட்கார வைத்துச் சொன்னார்.

“சாதாரணச் சூளையில பானைய அடுக்கி மூடிட்டு, தீ போட்டு, ஆறுற வரைக்கும் ரெண்டு நாள் காத்திருக்கணும். இனிமே செய்யப் போறது வேற. இதுக்குப் பேரு ராக்கு. பானை நெருப்புக்குள்ள பழுத்துக் கெடக்கும்போதே வெளிய எடுக்கப் போறோம்.”

“கையாலயா டீச்சர்?” என்று கேட்டேன்.

“இடுக்கியால.”

“உடைஞ்சிடாதா?” என்றார் அக்கா.

“சிலது உடையும்.”

“அப்ப அதுக்கு என்னத்துக்கு எடுக்கணும்?”

“உடையாதத பாத்துட்டுக் கேளுங்கக்கா.”

மில்லின் பழைய கொதிகலனிலிருந்து தீச்செங்கல்லைப் பெயர்த்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு சின்னச் சூளை கட்டினோம். உமி தள்ளிய காலத்தில் அந்தச் செங்கல்லை எனக்குத் தெரியும் என்பதால் அடுக்குகிற வேலை என்னிடம் வந்தது. மன்னார்குடிக் கொல்லரிடம் ஓர் ஆள் நீளத்துக்கு இடுக்கி அடித்து வாங்கினோம். மேல்பூச்சுக்குப் பாய் தன் கடையில் உடைந்த கண்ணாடிச் சாமான்களைச் சாக்கில் கொண்டுவந்தார். அக்கா அதை உரலில் இட்டு மாவாக இடித்தார். அதோடு வெண்காரம், கும்பகோணத்துப் பாத்திரப் பட்டறையில் கூட்டி அள்ளிய செம்புச் செதில். ஏற்கெனவே ஒருமுறை மெதுவாகச் சுட்டு எடுத்த கிண்ணங்கள் மேல் இந்தக் கரைசலை ஊற்றிக் காயவைத்தோம்.

சூளையை மூட்டுகிற நேரம் வந்தது. டீச்சர் தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார். நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் எல்லோரிடமும் வழக்கைச் சொல்ல வேண்டி வந்தது. பாய் சட்டைப் பையிலிருந்து சிங்கப்பூர் லைட்டரை எடுத்தார்.

“இதுக்கென்ன தம்பி. நீங்க கட்டை போடுங்க, நான் பத்த வைக்கிறேன். கட்டை போடுறதப் பத்தி ஏட்டு ஒன்னும் சொல்லலியே?”

சொல்லத்தான் செய்திருந்தார். நான் நிற்கிற இடத்தில் தீயே எரியக் கூடாது என்பது அவர் கணக்கு. ஆனால் நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. சவுக்குக் கட்டையைப் பிளந்து ஒவ்வொன்றாக உள்ளே கொடுத்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. சூளையின் மேலே விட்டிருந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் முதலில் இருட்டு, பிறகு கருஞ்சிவப்பு, பிறகு பழுத்த மிளகாய், பிறகு செவ்விளநீர். கிண்ணத்தின் மேலிருந்த பூச்சு முதலில் கொப்புளித்து, அசிங்கமாகச் சுருங்கி, அப்புறம் மெல்ல மெல்ல வழவழப்பாகி, கொதிக்கிற வெல்லப் பாகு மாதிரி பளபளத்தது.

“இப்ப,” என்றார் டீச்சர்.

ஈரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு இடுக்கியை விட்டேன். பகல் வெளிச்சத்தில் ஒரு கிண்ணம் தானாக எரிந்துகொண்டு என் இடுக்கியின் நுனியில் வந்தது. அதன் உட்புறம் வெளிப்புறம் இரண்டும் தெரிந்தன, விளக்குக் கண்ணாடிபோல. பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். “போடுங்க, போடுங்க” என்று டீச்சர் முதுகில் தட்டினார். உமி நிரப்பிய தகர டின்னுக்குள் வைத்தேன். உமி புஸ்ஸென்று பற்றி ஆள் உயரம் எழும்பியது. அக்கா மூடியைப் போட்டு அமுக்கினார். தீ செத்தது. புகை மட்டும் ஓரங்களில் கசிந்தது.

கால் மணி கழித்துக் கரியாக எடுத்தோம். தண்ணீரில் முக்கித் தேங்காய் நாரால் தேய்த்தோம். கரி கழன்றது. அடியில் வெள்ளை. வெள்ளை முழுக்கக் கருப்பு மயிர்க் கோடுகள், கோடையில் வெடித்த குளத்தடி மாதிரி. செம்பு பட்ட இடத்தில் புறாக் கழுத்து நிறம். சாய்ந்த கிண்ணம்தான். ஆனால் இப்போது அது சாய்ந்து நிற்பதற்கு ஒரு காரணம் இருப்பதுபோல் இருந்தது.

“இந்தக் கோடெல்லாம் யாரு போட்டா?” என்றார் அக்கா.

“யாரும் போடலக்கா. சூட்டுல இருந்து சட்டுனு வெளிய வந்ததுல பூச்சு வெடிச்சது. வெடிப்புல புகை போய் உக்காந்துக்கிச்சு,” என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து என்னால் மதியச் சாப்பாட்டைக்கூட ஒழுங்காக உட்கார்ந்து சாப்பிட முடியவில்லை. அடுத்து எதைப் போடலாம், அடுத்து எதில் முக்கலாம் என்பதுதான் நினைப்பு. உமியில் ஒரு நிறம், வைக்கோலில் ஒரு நிறம், காய்ந்த புளிய இலையில் ஒரு நிறம். மாட்டு வால் மயிரைச் சூடான பானை மேல் போட்டால் அது நெளிந்து எரிந்து அப்படியே கோடாக ஒட்டிக்கொள்ளும். குழி தோண்டி வரட்டியும் உப்பும் போட்டு மூடினால் மறுநாள் பானையில் அந்தி வானம் மாதிரி திட்டுத் திட்டாக வரும். டீச்சர் ஒருநாள் புளித்த மாவுக் கரைசலில் முக்குகிற வேறொரு தேசத்து முறையைச் சொன்னார். மாவுக்கு எங்கே போவது? ரேஷன் அரிசிக்கே வரிசை. நான் அக்காவின் தூக்குவாளியைப் பார்த்தேன்.

“ஏம்ப்பா, குடிக்கிற கஞ்சியிலயா சட்டிய முக்குவ?”

“மிச்சத்துலதாங்கக்கா.”

“எங்க வீட்டுல கஞ்சி என்னிக்கு மிஞ்சியிருக்கு?”

ஆனாலும் நான்காம் நாள், மூன்று நாள் புளித்த ஒரு சட்டிக் கஞ்சியைக் கொண்டுவந்து, “நாய்க்கு வச்சது, நாய் வேண்டான்னுடுச்சு” என்று வைத்தார். பழுத்த கிண்ணத்தை அதில் முக்கினோம். கஞ்சி கதறியது. கிண்ணம் முழுக்கப் பழுப்பும் கருப்புமாகச் சிறுத்தைப் புள்ளி. நாற்றம் தாங்க முடியவில்லை. நாங்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டே நின்றோம்.

ஒவ்வொரு நாள் காலையிலும் ஏட்டையா மட்டும் மோப்பம் பிடித்தார்.

“ஏன்டா, சட்டையெல்லாம் பொகை வாடை அடிக்கிது?”

“மில்லுல சமையலுங்க.”

“மண்ணு வகுப்புதானேடா? மண்ணத் திங்கிறீங்களா?”

சிரித்து வைத்தேன். பொய் சொன்னது எனக்கே பயமாகத்தான் இருந்தது. யாராவது ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மறுநாள் காலை நான் நாகப்பட்டினத்துக்குப் பஸ் ஏற்றப்படுவேன். இருந்தும் ஸ்டேஷனிலிருந்து மில்லுக்கு நடக்கவில்லை, ஓடினேன்.

கடைசி வாரம் அக்காவின் ஜாடி ஒருமுறை சுடப்பட்டு, பூச்சும் காய்ந்து தயாரானது. முழங்கால் உயரம், வயிறு அகலம். அதை அடக்க எங்களிடம் டின் கிடையாது. பாய் ஒரு தார் டிரம்மை வாங்கி வாயை வெட்டிக் கொண்டுவந்தார். அவ்வளவு பெரிய டிரம்முக்கு உமி போதவில்லை. அக்கா தன் வயலின் புது வைக்கோலை இரண்டு கட்டு தலையில் வைத்துக் கொண்டுவந்தார். அறுத்து நான்கு நாள்கூட ஆகாத வைக்கோல், அடியில் பச்சை. ஈரம் இருந்தால் புகை நன்றாகப் பிடிக்கும், கருப்பு ஆழமாக இறங்கும் என்று நாங்கள் எல்லோருமே சந்தோஷப்பட்டோம். அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர்கள் செய்யக் கூடாத காரியம் அது. எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

பழுத்த ஜாடியை முதலில் எடுத்து டிரம்முக்குள் இறக்கி மூடினோம். இன்னும் சூளைக்குள் இரண்டு கிண்ணங்கள் பழுத்துக்கொண்டிருந்தன. டிரம்மிலிருந்து புகை எழுந்தது. உமிப் புகை இல்லை. வெள்ளையும் மஞ்சளுமாக, திரண்டு, காற்றே இல்லாத மதியத்தில் மில் சுவருக்கு மேலே தூண் மாதிரி ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு வாய்க்கால். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் மிராசுதாரின் களம். போன வருஷம் எரிந்த இடத்திலேயே போட்ட புதுப் போர் அங்கேதான் நின்றது.

முதலில் ஒரு பெண் குரல் கேட்டது. “போரு எரியிது, போரு எரியிது.”

காவிரிப் பாசன ஊர்களில் போர் எரிந்தால் யாருடைய போர் என்று யாரும் கேட்பதில்லை. ஒரு பொறி பறந்தால் பக்கத்துப் போரும் போகும், தெருவும் போகும். அதனால் கொடி பிடித்தவர், கொடியைப் பிடுங்கியவர் எல்லோரும் குடத்தோடு ஓடி வருவார்கள். வந்தார்கள். வாசல் வழியாகவும் சுவர் ஏறியும் வந்தார்கள். குடம், அண்டா, நனைத்த சாக்கு. வாழைமரத்தையே வெட்டித் தூக்கிக்கொண்டு நான்கு பேர். எது எரிகிறது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. புகை எங்கே இருக்கிறதோ அங்கே கொட்டினார்கள்.

“தண்ணி ஊத்தாதீங்க. ஐயோ, ஊத்தாதீங்க,” என்று டீச்சர் கையை விரித்துக்கொண்டு சூளைக்கு முன்னால் நின்றார். அவர் தலை வழியாகவே ஒரு குடம் சூளைக்குள் போனது. உள்ளே இரண்டு கிண்ணமும் வேட்டு மாதிரி வெடித்தன. வெடிச் சத்தம் கேட்டதும் வெடிகுண்டு என்று கால்வாசிப் பேர் வெளியே ஓடினார்கள். மீதிப் பேர் வாழைமரத்தைத் தூக்கி டிரம் மேல் போட்டார்கள். பாயின் லைட்டர் சேற்றில் மிதிபட்டது.

புகை அடங்கியபோது மிராசுதாரின் காரியஸ்தர் என்னைப் பார்த்தார். நிலத்தையும் ஆட்களையும் அவருக்காகக் கட்டி மேய்ப்பவர் இவர்தான். நான் முகமெல்லாம் கரியாக, ஆள் நீள இடுக்கியோடு நின்றேன்.

“இவன்தான்யா. போன வருஷத்து ஆளு. புடிங்க.”

தலைப்பாகைத் துண்டால் என் கையைப் பின்னால் கட்டி மில் தூணில் நிறுத்தினார்கள். ஒருவர் ஸ்டேஷனுக்குச் சைக்கிளில் போனார். நான் அழவில்லை. நாகப்பட்டினத்தில் கொசுவலை கிடைக்குமா என்று யோசித்தேன். அதைவிட, டிரம்மைத் திறந்து ஜாடி என்ன நிறத்தில் வந்திருக்கிறது என்று யாராவது பார்க்க மாட்டார்களா என்று இருந்தது.

ஏட்டையா வியர்த்து வழிய வந்தார். முதலில் சுவர் ஏறிப் போரைப் பார்த்தார். அது அப்படியே நின்றது. பிறகு என்னைப் பார்த்தார்.

“சமையலா?”

நான் தலையைக் குனிந்தேன்.

“யாரு பத்த வச்சது?”

“நாந்தாங்க ஏட்டையா,” என்றார் பாய். “தம்பி கட்டை மட்டுந்தான் போட்டாரு.”

“எல்லாம் ஒரே கூட்டுங்க,” என்றார் காரியஸ்தர். “இங்க பத்த வச்சுப் பாத்துட்டு அப்புறம் போருல வைக்கத்தான் ஒத்திகை. டிரம்முல பெட்ரோல் இருக்கும், தொறந்து பாருங்க.”

திறந்தார்கள். பெட்ரோல் இல்லை. அக்காவின் ஜாடி இரண்டு பாதியாகக் கிடந்தது. அக்கா குனிந்து ஒரு பாதியைத் தொட்டுவிட்டுச் சூட்டில் கையை உதறினார்.

டீச்சர் தலையெல்லாம் தண்ணீர் சொட்ட, அதிகாரிகள் கையெழுத்துப் போட்ட அனுமதித் தாளை நீட்டினார். ஏட்டையா அதை மேலும் கீழும் பார்த்தார்.

“சட்டி சுடுறதுன்னு போட்டிருக்கு. வைக்கோல எரிக்கிறதுன்னு எங்க போட்டிருக்கு? சட்டியத் தீக்குள்ளதான் சுடுவாங்க. வெளிய எடுத்து வைக்கோலுக்குள்ள ஏன் வைக்கணும்? எனக்குப் புரியிற மாதிரி செஞ்சு காட்டுங்க. புரியலன்னா இவன இப்படியே கொண்டுட்டுப் போறேன்.”

மிச்சம் இருந்தது பூசிய கிண்ணம் ஒன்றுதான். சாய்ந்தது, என்னுடையது. மற்றவர்கள் சூளையின் ஈரச் செங்கல்லைத் துடைத்துக் கட்டை அடுக்கினார்கள். பாய் லைட்டரைத் தட்டினார். தட்டினார். சேறு வந்தது. டீச்சரின் தீப்பெட்டி நனைந்து கூழாகியிருந்தது.

“யாருகிட்டயாவது தீப்பெட்டி இருக்கா?” என்றார் ஏட்டையா.

அங்கே நூறு பேர் இருந்திருப்பார்கள். தொண்ணூறு பேர் பீடி குடிக்கிறவர்கள். ஒருவர் கையும் மடிக்குப் போகவில்லை. போர் எரிந்ததாகப் போலீஸ் வந்து நிற்கிற இடத்தில் தீப்பெட்டியை எடுத்துக் காட்ட யாருக்குப் பைத்தியம்? காரியஸ்தர்கூட வானத்தைப் பார்த்தார். அவர் வாயில் அணைந்த சுருட்டு இருந்தது.

“உங்ககிட்ட இல்லீங்களா ஏட்டையா?” என்றார் அக்கா.

ஏட்டையா சட்டைப் பையிலிருந்து தன் தீப்பெட்டியை எடுத்தார். கூட்டத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“நான் தொடக் கூடாதுங்களே,” என்றேன்.

பின்னால் யாரோ சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்கள். ஏட்டையா குந்தி உட்கார்ந்து, தொப்பியைத் தள்ளிக்கொண்டு, நான்கு குச்சி செலவழித்துச் சூளையைப் பற்ற வைத்தார்.

ஆனால் கட்டை கொடுக்கத் தெரிந்த கை என்னுடையது. என் கைக்கட்டை அவிழ்த்துவிட்டார்கள். ஈரச் சூளை முதலில் முரண்டு பிடித்தது. அரை மணி கழித்து இழுக்க ஆரம்பித்தது. கூட்டம் போகவில்லை. குடங்களைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டது. தொழிலாளர் தெரு ஒரு பக்கம், மிராசுதாரின் ஆட்கள் ஒரு பக்கம், நடுவில் சூளை. வழக்கு இருந்ததோ, ஜெயில் இருந்ததோ, அந்த ஒன்றரை மணி நேரம் எனக்கு ஞாபகமே இல்லை. ஒரே யோசனைதான், பூச்சு உருக வேண்டும், கிண்ணம் வெடிக்கக் கூடாது.

“ஏட்டையா, இந்த ஓட்டையில பாருங்க. கொப்புளம் தெரியுதா?”

பார்த்தார். புருவம் கருகியது. “தெரியுது,” என்றார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். “இப்ப பாகு மாதிரி ஆயிடுச்சுடா. எடுக்கலாமா?”

“இன்னும் ரெண்டு கட்டைங்க.”

எடுத்தேன். சாயங்கால வெயிலில் அது எரிந்துகொண்டே வந்தது. கொஞ்சம் மிஞ்சியிருந்த உமியில் வைத்தேன். தீ எழும்பியது, நூறு பேரும் குடத்தோடு பின்னுக்குப் போனார்கள், அக்கா மூடியைப் போட்டார். புகை வந்தது. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

நாரால் தேய்த்துக் கழுவி ஏட்டையா கையில் கொடுத்தேன். வெடிப்புக் கோடுகள் வலை மாதிரி பின்னியிருந்தன. செம்பு ஒரு பக்கம் மட்டும் பற்றியிருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட்டத்தில் கை கையாகப் போய்ச் சுற்றிவிட்டுக் காரியஸ்தரிடம் வந்தது. அவரும் சுருட்டை எடுத்துவிட்டுப் பார்த்தார். பிறகு நினைவு வந்தவராக, “கம்ப்ளெயிண்ட் எழுதித் தர்றேன்,” என்றார்.

“என்னன்னு எழுதுவீங்க? உங்க போருல ஒரு தும்பு கருகல. தீ எரிஞ்சுது, நூறு பேரு பாத்தாங்க. யாருடா வச்சான்னு இன்ஸ்பெக்டரு கேட்டா இவங்க யாரக் காட்டுவாங்க?” ஏட்டையா தீப்பெட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார். “நீங்களே சொல்லுங்க.”

காரியஸ்தர் அணைந்த சுருட்டை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டார்.

ஏட்டையா என்னைக் கூப்பிட்டுப் பிடரியில் ஓங்கி ஒன்று வைத்தார். பொய் சொன்னதற்கு. நன்றாக வலித்தது. “காலையில கையெழுத்துக்கு வா,” என்று சைக்கிளை எடுத்தார். என்னைக் கொண்டுபோகவில்லை என்பது அவர் வாய்க்கால் பாலத்தைத் தாண்டிய பிறகுதான் எனக்கு முழுதாக உறைத்தது. உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா உட்காரவில்லை. உடைந்த ஜாடியின் பாதியைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் போய் நின்றார்.

“மூனு மாசமாச்சு இதுக்கு. தண்ணிய ஊத்துனது யாரு? வாழமரத்தப் போட்டது யாரு? நாளைக்கு வந்து மண்ணு மிதிங்க.”

“உன் வீடு எரியக் கூடாதுன்னுதானே ஊத்துனோம்,” என்றார் மிராசுதாரின் வண்டிக்காரர்.

“நல்லதுதான் செஞ்சீங்க. வந்து மிதிங்க.”

மறுநாள் நான் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடி வந்தபோது, வண்டிக்காரரும் தொழிலாளர் தெருவைச் சேர்ந்த இரண்டு பேரும் முழங்கால் வரை மண்ணில் நின்றார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மிதித்தார்கள். அக்கா, சூட்டில் மண் வெடிக்காமலிருக்கச் செங்கல் தூளைத் தூவிக்கொண்டே, “ஓரத்துல மிதிக்கலியே, யாரு மிதிப்பா?” என்று விரட்டினார். டீச்சர் வகுப்பை இன்னும் இரண்டு வாரம் நீட்டிக்கச் சொல்லி மெட்ராஸுக்குத் தந்தி அடித்தார். என் வழக்கு அடுத்த வருஷம் சாட்சி வராமல் தள்ளுபடி ஆனது. அதில் சொல்ல ஒன்றுமில்லை.

புது ஜாடியைச் சுடுகிற அன்று பஞ்சாயத்தில் தண்டோரா போடச் சொன்னோம். மில்லில் புகை வரும், அது சட்டி சுடுகிற புகை, யாரும் ஓடி வர வேண்டாம் என்று. அதைக் கேட்டு ஊரே வந்துவிட்டது. சுவர் மேல் இடமில்லை. முதல் ஜாடியைவிட இது பெரியதாகிவிட்டது. ஓர் இடுக்கியால் தூக்க முடியாது. இன்னோர் இடுக்கியை வண்டிக்காரர் வாங்கிக்கொண்டார். ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு எனக்கு எதிரே வந்து நின்றார்.

“எப்ப?” என்றார்.

ஓட்டை வழியாகப் பார்த்தேன். பூச்சு ஓடிக்கொண்டிருந்தது. ஜாடி முழுவதும் உள்ளிருந்து ஒளி விட்டது. “இப்பங்க,” என்றேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் தூக்கினோம். அது எங்களுக்கு நடுவே எரிந்துகொண்டு எழும்பியது. முகம் வெந்தது. அக்கா டிரம்முக்குப் பக்கத்தில் மூடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, “ஆட்டாதீங்க, ஆட்டாதீங்க” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். நாங்கள் அடி மாற்றாமல் நடந்தோம். பாதி தூரத்தில் தாங்க முடியாமல் ஜாடியோடு டிரம்மை நோக்கி ஓடினோம்.